மறைசெய்தி கண்ட ஆலன் டூரிங்

பொற்கொல்லர் தம்முள் உரையாடுங்கால் பொன்னைப் 'பறி' என்று வழங்குவர். அருகிருந்து கேட்போர் அச்சொல்லைக் கேட்பர். ஆயினும் அதன் பொருளை அறியார். இவ்வாறு ஒரு கூட்டத்தார் தம் கருத்தைப் பிறர் உணராவண்ணம் பேசுதற்கு அமைத்துக்கொண்ட சொல்லைத் தமிழ் இலக்கண நூலார் குழூஉக்குறி என்பர். வணிகர்க்கும் தொழிலாளர்க்கும் பயன்பட்ட இம்முறை, அரசர்க்கும் படைத்தலைவர்க்கும் இன்னும் மிகுதியாக வேண்டப்பட்டது. கம்பியில்லாத் தந்தி தோன்றிய பின்னர் இத்தேவை பன்மடங்காயிற்று. வானில் பரவும் செய்தி நண்பர்க்கு மட்டுமே கேட்கும் என்பதில்லை, பகைவர்க்கும் கேட்கும். ஆதலின் கேட்பினும் விளங்காதவாறு செய்தியை மறைத்து அனுப்புவது படைகளின் வழக்கமாயிற்று.

இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியப் படையினர் தம்முள் நிகழ்த்திய உரையாடல்களை இங்ஙனம் ஓர் இயந்திரத்தின் துணைகொண்டு மறைத்தனர். அவற்றை ஆங்கிலேயர் தொலைவிலிருந்து கேட்டெழுதினர். எழுதிய தாள்களில் பிழைகள் பல இருந்தன. எழுத்துக்கள் பல விடுபட்டிருந்தன. குறைகள் மலிந்த அத்தாள்களைத் துருவி ஆராய்ந்து, அவற்றுள் மறைந்திருந்த பொருளை வெளிப்படுத்துதற்கு வழி வகுத்த அறிஞருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ஆலன் டூரிங் ஆவார்.

பிறப்பும் இளமையும்

டூரிங்கின் குடும்பத்துக்கும் தென்னிந்தியாவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அவர் தந்தையார் ஜூலியஸ் டூரிங், ஐ.சி.எஸ். அலுவலராகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர். தாயார் எத்தல் சாரா, கோயமுத்தூரை அடுத்த போத்தனூரில் 1881 ஆம் ஆண்டு பிறந்தவர். தாய்வழிப் பாட்டனாராகிய எட்வர்டு ஸ்டோனி சென்னை இரயில்வேயில் தலைமைப் பொறியாளராக விளங்கியவர். ஓசையின்றி இயங்கும் பங்காச் சக்கரம் ஒன்றைப் புதிதாக அமைத்தவர். இத்தகைய குடும்பத்தில், இலண்டன் மாநகரில், 1912 ஆம் ஆண்டு ஜூன் 23 ஆம் நாள் ஆலன் டூரிங் பிறந்தார்.

பெற்றோர் பணியின் பொருட்டு இந்தியா திரும்ப வேண்டியிருந்தது. ஆகவே ஆலனும் அவர் தமையனாரும் இங்கிலாந்திலேயே, ஓய்வு பெற்ற படைத்தலைவர் ஒருவரின் இல்லத்தில் வளர்ந்தனர். பெற்றோரைப் பல்லாண்டுகள் விட்டுவிட்டுக் காணும் நிலையே அச்சிறுவர்க்கு வாய்த்தது. தனிமையில் வளர்ந்த ஆலனுக்கு எண்களும் வேதியியல் சோதனைகளும் தோழர்களாயின.

1926 ஆம் ஆண்டு அவர் ஷெர்போர்ன் என்னும் ஊரிலுள்ள பள்ளியில் சேர வேண்டியிருந்தது. அவர் கப்பலினின்று சௌத்தாம்ப்டன் துறையில் இறங்கிய வேளையில் நாடெங்கும் பொது வேலைநிறுத்தம் நிகழ்ந்தது, இரயில்கள் ஓடவில்லை. பதினான்கு வயதும் நிரம்பாத அச்சிறுவர் மனம் தளரவில்லை. தம் மிதிவண்டியில் ஏறி, வழியில் ஒரு விடுதியில் இரவு தங்கி, ஏறத்தாழ 60 மைல் தொலைவைக் கடந்து பள்ளியை அடைந்தார். வழி அடைபட்டால் வேறு வழி காணும் இயல்பு இளமையிலேயே அவரிடம் அமைந்திருந்ததற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

அப்பள்ளியில் பழைய இலக்கியக் கல்விக்கே பெருமதிப்பு இருந்தது. டூரிங்கின் கையெழுத்தோ தெளிவற்றது. ஆசிரியர் சிலர் அவரைக் குறை கூறினர். எனினும் கணிதத்தில் அவர் தாமாகவே முயன்று பல உண்மைகளைக் கண்டார். அந்நாளில் அவருக்கு வாய்த்த உற்ற நண்பர் கிறிஸ்டபர் மார்க்கம் என்பவர். இருவரும் வானியலையும் கணிதத்தையும் பற்றி ஓயாது உரையாடி மகிழ்ந்தனர். 1930 ஆம் ஆண்டு பிப்ரவரியில் மார்க்கம் காசநோயால் உயிர் நீத்தார். அப்பிரிவு டூரிங்கை வாட்டியது. நண்பர் செய்து முடிக்காத பணியைத் தாம் செய்து முடித்தல் வேண்டும் என்னும் உறுதி அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

எண்ணத்தில் எழுந்த பொறி

1931 ஆம் ஆண்டு டூரிங் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கிங்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். கணிதத்தில் முதல் வகுப்பில் தேறி, தம் இருபத்திரண்டாம் வயதிலேயே அக்கல்லூரியின் ஆய்வு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1936 ஆம் ஆண்டு அவர் எழுதிய கட்டுரை ஒன்று கணித உலகில் புதுவழி காட்டிற்று. நீண்ட நாடா ஒன்றில் எழுதப்பட்ட குறிகளை ஒவ்வொன்றாகப் படித்தும், அழித்தும், எழுதியும் கணக்கிடவல்ல பொறி ஒன்றை அவர் தம் எண்ணத்தில் உருவாக்கினார். விதிகளை மட்டும் மாற்றிக் கொடுப்பின், ஒரே பொறி பலவகைக் கணக்குகளையும் செய்யவல்லது என்று காட்டினார். இன்றைய கணிப்பொறியின் அடிப்படைக் கருத்து இதுவே. பின்னர் அவர் அமெரிக்காவிலுள்ள பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பயின்று, 1938 ஆம் ஆண்டு டாக்டர் பட்டம் பெற்றுத் தாய்நாடு திரும்பினார்.

1939 ஆம் ஆண்டு செப்டம்பர் 3 ஆம் நாள் இங்கிலாந்து ஜெர்மனியின்மீது போர் தொடுப்பதாக அறிவித்தது. மறுநாளே டூரிங் பிளெச்சிலி பார்க் என்னும் இடத்தை அடைந்தார். இலண்டனுக்கு வடமேற்கே உள்ள அம்மாளிகையில் பகைவரின் மறைசெய்திகளை ஆராயும் நிலையம் ஒன்றை அரசு அமைத்திருந்தது. மாளிகையைச் சூழ்ந்து மரக்குடில்கள் எழுந்தன. கணித வல்லுநரும், மொழி அறிஞரும், சதுரங்க வீரரும் ஆங்குப் பணிபுரிந்தனர். நாளடைவில் பணியாளர் தொகை ஏறத்தாழ 9,000 ஆக உயர்ந்தது. அவருள் பெரும்பாலார் பெண்கள். ஆங்கு நிகழ்ந்தவற்றை வெளியில் உரைத்தல் ஆகாது என்பது அனைவரும் ஏற்ற உறுதிமொழி.

எனிக்மா என்னும் புதிர்

ஜெர்மானியர் பயன்படுத்திய இயந்திரத்தின் பெயர் எனிக்மா. அச்சொல்லுக்குப் புதிர் என்பதே பொருள். தோற்றத்தில் அது தட்டச்சுப் பொறியை ஒத்தது. ஓர் எழுத்துக்குரிய விசையை அழுத்தினால், மின்னோட்டம் மூன்று சக்கரங்களின் வழியே சென்று திரும்பி வேறோர் எழுத்துக்குரிய விளக்கை ஒளிரச் செய்யும். ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் சக்கரம் ஒரு படி நகரும். ஆகவே ஒரே எழுத்தை இருமுறை அழுத்தினும், முதன்முறை ஓர் எழுத்தும் மறுமுறை பிறிதோர் எழுத்தும் தோன்றும். இவற்றுடன், எழுத்துக்களை இரண்டிரண்டாக மாற்றிப் பிணைக்கும் கம்பிகளும் பொறியின் முகப்பில் அமைந்திருந்தன.

சக்கரங்களின் வரிசையையும் தொடக்க நிலையையும் கம்பிப் பிணைப்புக்களையும் பல்வேறு வகையாக மாற்றி அமைக்கலாம். அவ்வாறு அமைக்கத்தக்க வகைகளின் தொகை, 159 என்னும் எண்ணையடுத்துப் பதினெட்டுச் சுழிகள் இட்டால் எவ்வளவோ அவ்வளவு ஆகும். நொடிக்கு ஒரு வகையாகச் சோதிப்பினும் அனைத்தையும் சோதித்து முடிக்க ஐந்து இலட்சம் கோடி ஆண்டுகள் செல்லும். ஜெர்மானியரோ பொறியின் அமைப்பை நாள்தோறும் மாற்றினர். இன்று கண்ட விடை நாளைக்கு உதவாது. ஆதலின் இப்புதிரை எவராலும் விடுவித்தல் இயலாது என்று அவர்கள் உறுதியாக நம்பினர்.

அந்நம்பிக்கையை முதற்கண் தகர்த்தவர் போலந்து நாட்டினர். மரியன் ரெயெவ்ஸ்கி முதலிய இளங்கணித வல்லுநர் மூவர் 1932 ஆம் ஆண்டு தொடங்கி எனிக்மாவின் உள்ளமைப்பைக் கணித அறிவால் கண்டறிந்தனர். போர் மூளும் தறுவாயில், 1939 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், போலந்தினர் தாம் அறிந்தவற்றை ஆங்கிலேயர்க்கும் பிரெஞ்சுக்காரர்க்கும் மனமுவந்து எடுத்துரைத்தனர். டூரிங்கின் பணி அவர்கள் இட்ட அடிப்படையின்மீதே எழுந்தது.

கேட்டெழுதிய தாள்கள்

பகைவரின் உரையாடல் பிளெச்சிலியை அடைந்த வகை அறியத்தக்கது. இங்கிலாந்தின் பல இடங்களில் ஒலி கேட்கும் நிலையங்கள் அமைந்திருந்தன. அவற்றில் பணிபுரிந்தோர், பெரும்பாலும் இளம்பெண்கள், செவிக்கருவியை அணிந்து இரவும் பகலும் அமர்ந்திருப்பர். வானில் வரும் தந்திக் குறிகளைக் கேட்டு எழுத்து எழுத்தாகத் தாளில் எழுதுவர். தாம் எழுதுவது இன்னதென்று அவர்கள் அறியார். பொருளுள்ள மொழியாயின் விடுபட்ட எழுத்தை ஊகித்து நிரப்பலாம். பொருளற்ற எழுத்துக் குவியலில் ஊகத்துக்கு இடமில்லை.

மோர்ஸ் என்பார் வகுத்த தந்திக் குறியில் 'எச்' என்னும் எழுத்துக்குப் புள்ளி நான்கு. 'எஸ்' என்னும் எழுத்துக்குப் புள்ளி மூன்று. இடியோசையாலோ காற்றின் இரைச்சலாலோ ஒரு புள்ளி செவிக்கு எட்டாது போயின், எச் எஸ் ஆகிவிடும். தொலைவில் ஒலிக்கும் குறி சில வேளைகளில் முற்றும் மறைந்துவிடும். எழுத்தொன்று மாறினால் அவ்வெழுத்து மட்டுமே கெடும். ஆயின், எழுத்தொன்று விடுபட்டதை அறியாது அடுத்ததைச் சேர்த்து எழுதினால், சக்கரத்தின் நிலை மாறுபட்டு அதன்பின் வரும் எழுத்துக்கள் யாவும் பிழைபடும். ஆதலின் கேளாத எழுத்துக்கு வெற்றிடம் விட்டு எழுதுதல் இன்றியமையாத கடமையாயிற்று. இன்றியமையாத செய்திகளை இரண்டு நிலையங்களில் கேட்டெழுதச் செய்து, ஒன்றன் குறையை மற்றொன்றால் நிரப்பினர். இவ்வளவு முயன்றும் ஐயமற்ற தாள் கிடைப்பது அரிது. குறையுள்ள தாளைக் கொண்டே குறையற்ற விடை காணல் வேண்டும் என்பதே டூரிங்கின்முன் நின்ற வினா.

மனிதர் உரையாடலில் சில சொற்கள் மீண்டும் மீண்டும் வருவது இயல்பு. படையினர் அனுப்பும் செய்திகளும் இதற்கு விலக்கல்ல. நாள்தோறும் குறித்த வேளையில் வானிலை அறிக்கை செல்லும். அதில் வானிலை என்பதற்குரிய 'வெட்டர்' என்னும் ஜெர்மன் சொல் இடம் பெறும். தலைவரை விளிக்கும் தொடர்களும் மாறாமல் வரும். சில வேளைகளில் ஆங்கிலேயர் குறித்த ஓரிடத்தில் வேண்டுமென்றே கடற்கண்ணிகளை இடுவர். ஜெர்மானியர் அவற்றைக் கண்டு அவ்விடத்தின் பெயரைத் தம்மவர்க்குத் தெரிவிப்பர். இவ்வாறு செய்தியில் இன்ன சொல் இருத்தல் வேண்டும் என்று முன்னரே ஊகிக்க முடிந்தது.

ஊகித்த சொல் நீண்ட செய்தியில் எவ்விடத்தில் உள்ளது என்று காண்பது எவ்வாறு? அதற்கு எனிக்மாவின் குறை ஒன்றே துணையாயிற்று. அப்பொறி எவ்வெழுத்தையும் அவ்வெழுத்தாகவே காட்டாது. 'ஏ' என்பதை அழுத்தினால் ஏனைய இருபத்தைந்தில் ஒன்று தோன்றுமேயன்றி 'ஏ' தோன்றாது. எனவே ஊகித்த சொல்லைச் செய்தியின்கீழ் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திக்கொண்டே செல்வர். மேலும் கீழும் ஒரே எழுத்து நேர்படுமிடம் சொல்லுக்குரிய இடமன்று என விலக்குவர். விலக்காமல் எஞ்சும் இடமே மேலும் ஆராய்தற்குரிய இடமாகும்.

பொறியும் எடையும்

இவ்விடத்தினின்று பொறியின் அமைப்பைக் காண்பதற்கு டூரிங் ஒரு பேரியந்திரத்தைத் திட்டமிட்டார். அதற்கு 'பாம்ப்' என்று பெயர். பல எனிக்மாக்களை ஒருங்கிணைத்தாற் போன்ற அப்பொறி, சக்கரங்களின் 17,576 நிலைகளையும் ஒவ்வொன்றாக விரைந்து சோதித்தது. அது சரியான விடையை நேரே தேடவில்லை. தவறான விடைகளைக் கழித்தது. ஓர் அமைப்பை மெய்யெனக் கொண்டால் அதனின்று முரண்பாடு பிறக்குமாயின், அவ்வமைப்பைத் தள்ளிவிடும். முரண்படாத நிலை வந்தவிடத்துப் பொறி தானே நிற்கும். முதற்பொறி 1940 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நிறுவப்பட்டது. கார்டன் வெல்ச்மன் என்னும் கணித அறிஞர் அதனுடன் புதியதோர் இணைப்பைச் சேர்த்து அதன் ஆற்றலைப் பெருக்கினார். போர் முடிவதற்குள் இருநூறுக்கும் மேற்பட்ட பொறிகள் இயங்கின.

தரைப்படையின் மறைமொழியினும் கடற்படையின் மறைமொழி கடினமானது. கடற்படையினர் எட்டுச் சக்கரங்களுள் மூன்றைத் தேர்ந்து அமைத்தனர். அவற்றை வரிசைப்படுத்தும் வகைகள் மட்டுமே 336 ஆயின. அதனைத் தீர்த்தல் இயலாது என்று பலரும் கைவிட்டிருந்தனர். டூரிங் அப்பணியைத் தாமே விரும்பி ஏற்றார். எட்டாம் குடில் என வழங்கிய பகுதிக்கு அவர் தலைவரானார்.

ஆங்கு அவர் வகுத்த முறை நுட்பமானது. ஒவ்வொரு செய்தியையும் நீண்ட தாளில் துளைகளாகப் பதித்தனர். இரண்டு செய்திகளின் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நகர்த்தினர். இருதாளிலும் ஒரே எழுத்து நேர்படுமிடத்தில் துளைகள் ஒன்றாகும். தொடர்பற்ற எழுத்துக் குவியல்களில் இத்தகைய ஒற்றுமை 26-இல் ஒரு முறை நிகழும். சக்கரங்களின் ஒரே நிலையில் மறைக்கப்பட்ட செய்திகளாயின் ஏறத்தாழ 17-இல் ஒரு முறை நிகழும். இத்தாள்கள் பான்பரி என்னும் ஊரில் அச்சிடப்பட்டமையின் இம்முறையும் அவ்வூர்ப் பெயராலேயே வழங்கிற்று. ஜோன் கிளார்க் என்னும் கணித வல்லுநரான பெண்மணி இப்பணியில் சிறந்து விளங்கினார்.

துளைகளின் ஒற்றுமையை எண்ணியதோடு டூரிங் நிற்கவில்லை. ஒவ்வோர் ஒற்றுமையும் எவ்வளவு சான்றாகும் என்று அளந்தார். வணிகர் பொன்னை எடையிடுதல் போல அவர் சான்றை எடையிட்டார். அதற்கென ஓர் அளவையும் அமைத்தார். துணை நிற்கும் சான்றுகளைக் கூட்டியும் எதிர் நிற்பவற்றைக் கழித்தும், எவ்விடத்து எடை மிகுகின்றதோ அவ்விடத்தை ஏற்றார். தாளில் ஓரெழுத்துப் பிழைபட்டால் சான்றின் எடை சிறிது குறையும், முற்றும் அழியாது. ஆதலின் குறையுள்ள தாள்களும் பயன்பட்டன. தனித்தனியே நோக்கின் நம்பத்தகாத நூறு சான்றுகள், ஒன்று சேர்ந்தவிடத்து நம்பத்தக்க முடிவைத் தந்தன. 336 வகைகளுள் பெரும்பாலானவை இவ்வாறு முன்னரே விலக்கப்பட்டமையால் பொறிகளின் வேலை மிகவும் குறைந்தது.

ஒழுங்கைத் தேடும் இவ்வியல்பு டூரிங்கின் அன்றாட வாழ்விலும் காணப்பட்டது. அவருடைய மிதிவண்டியின் சங்கிலி அடிக்கடி கழன்று விழும். அவர் சுற்றுக்களை எண்ணிக்கொண்டே செல்வார். சங்கிலி கழலும் தறுவாயில் வண்டியை நிறுத்திச் சரிசெய்து, மீண்டும் ஏறிச் செல்வார்.

கடலில் நிகழ்ந்த போர்

இப்புதிரின் விடையைப் பொறுத்தே மக்களின் உயிர் இருந்தது. இங்கிலாந்து ஒரு தீவு. உணவும் எண்ணெயும் பிற பொருள்களும் அட்லாண்டிக் பெருங்கடல் வழியாகவே அந்நாட்டை அடைய வேண்டும். ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் கூட்டங்கூட்டமாக மறைந்திருந்து சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தன. அவை எங்கு உள்ளன என்பது தெரிந்தால் மட்டுமே வேறு வழியே கப்பல்களைச் செலுத்தல் இயலும்.

கடற்படையின் மறைமொழிக்குரிய அட்டவணைகள் சில, 1941 ஆம் ஆண்டில் பிடிபட்ட ஜெர்மானியக் கப்பல்களிலிருந்து கிடைத்தன. டூரிங் வகுத்த முறைகளோடு அவையும் சேரவே, அவ்வாண்டின் நடுப்பகுதியிலிருந்து பகைவரின் செய்திகள் உடனுக்குடன் படிக்கப்பட்டன. கப்பல்கள் ஆபத்தான இடங்களை விலக்கிச் சென்றன. எனினும் போதிய பணியாளர் இன்மையால் வேலை தடைப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் டூரிங்கும் அவர்தம் தோழர் மூவரும் தலைமை அமைச்சர் சர்ச்சிலுக்கே நேரில் கடிதம் விடுத்தனர். அதனைக் கண்ட சர்ச்சில், வேண்டுவன யாவற்றையும் காலந்தாழ்த்தாது அளிக்குமாறு ஆணையிட்டார்.

1942 ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஜெர்மானியர் தம் நீர்மூழ்கிக் கப்பல்களின் எனிக்மாவில் நான்காம் சக்கரம் ஒன்றைச் சேர்த்தனர். ஏறத்தாழப் பத்துத் திங்கள் அவர்தம் செய்திகளைப் படிக்க இயலவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 30 ஆம் நாள், மத்தியதரைக் கடலில் சேதமுற்று மூழ்கிக்கொண்டிருந்த ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றினுள் ஆங்கிலக் கடற்படையினராகிய பாசன், கிரேசியர் என்னும் இருவர் இறங்கி, மறைமொழி நூல்களை எடுத்து மேலே அனுப்பினர். டாமி பிரௌன் என்னும் பதினாறு வயது இளைஞன் அவற்றை வாங்கிக் கரை சேர்த்தான். கப்பல் திடீரென மூழ்கவே, உள்ளிருந்த இருவரும் மாண்டனர். அவர்கள் உயிர் கொடுத்துக் காத்த நூல்களின் துணையால் டிசம்பரில் மறைமொழி மீண்டும் விளங்கிற்று. போலந்து அறிஞர், செவியால் கேட்டெழுதிய பெண்கள், கடலில் மாண்ட வீரர், பொறி இயக்கியோர் ஆகிய பலர்தம் உழைப்பும் ஒன்று கூடியே இவ்வெற்றி விளைந்தது. டூரிங்கின் மதிநுட்பம் அவ்வுழைப்பை ஒருமுகப்படுத்திய கருவியாகும்.

பிற்காலப் பணி

போர் முடிந்தபின் 1946 ஆம் ஆண்டு அரசு அவருக்கு ஓ.பி.இ. என்னும் விருது அளித்தது. எதன் பொருட்டு அளித்தது என்பது மட்டும் வெளியிடப்படவில்லை. டூரிங் கணிப்பொறியை அமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1948 ஆம் ஆண்டு முதல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடத்தினார். பொறி சிந்திக்குமா என்னும் வினாவை 1950 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் ஆராய்ந்தார். ஒருவர் தம் கண்ணுக்குப் புலப்படாத மனிதரோடும் பொறியோடும் எழுத்து வாயிலாக உரையாடி, இரண்டனுள் எது மனிதர் என்று காண முயலும் சோதனை ஒன்றை அவர் வகுத்தார். அஃது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. நெடுந்தொலைவு ஓட்டத்திலும் அவர் வல்லவர்; 1947 ஆம் ஆண்டு மாரத்தான் ஓட்டத்தை 2 மணி 46 நிமிடத்தில் ஓடி முடித்தார். 1951 ஆம் ஆண்டு இராயல் சொசைட்டியின் உறுப்பினராகும் பெருமையும் அவருக்குக் கிட்டியது.

ஆயினும் அவர்தம் இறுதிக்காலம் துயரம் நிறைந்தது. ஆணும் ஆணும் அன்பால் இணைதலைக் குற்றமெனக் கருதிய சட்டம் அந்நாளில் இங்கிலாந்தில் நிலவியது. அச்சட்டத்தின்கீழ் 1952 ஆம் ஆண்டு டூரிங் தண்டிக்கப்பட்டார். சிறை புகாதிருத்தற்பொருட்டு, உடலையும் உள்ளத்தையும் வருத்தும் மருந்துகளை ஓராண்டு ஏற்க நேர்ந்தது. அரசின் மறைசெய்திப் பணியினின்றும் அவர் விலக்கப்பட்டார். நாட்டுக்குத் தாம் செய்த தொண்டை எடுத்துரைத்திருப்பின் மக்கள் மனம் இரங்கியிருக்கலாம். ஆனால் டூரிங் தாம் அளித்த உறுதிமொழியை மீறவில்லை. 1954 ஆம் ஆண்டு ஜூன் 7 ஆம் நாள், நாற்பத்திரண்டு வயது நிரம்புமுன்னரே, அவர் உயிர் நீத்தார். விசாரணை மன்றம் அதனைத் தற்கொலை என்றது. அன்னையாரோ தவறுதலாக நேர்ந்த விபத்தென்றே நம்பினார்.

போத்தனூரில் பிறந்த அவ்வன்னையார் தம் மகனின் வரலாற்றை எழுதி 1959 ஆம் ஆண்டு வெளியிட்டார். ஆனால் போர்க்காலத்தில் மகன் ஆற்றிய அருஞ்செயலை அவரால் எழுத இயலவில்லை. பிளெச்சிலியில் நிகழ்ந்தவை 1974 ஆம் ஆண்டுக்குப் பின்னரே உலகுக்குத் தெரியலாயின. 2009 ஆம் ஆண்டு ஆங்கில அரசு டூரிங்குக்கு இழைத்த கொடுமைக்காக வருத்தம் தெரிவித்தது. 2013 ஆம் ஆண்டு அரசியார் அவர்மீதிருந்த தண்டனையை மன்னித்து ஆணை பிறப்பித்தார். 2021 ஆம் ஆண்டு, அவர் பிறந்த நாளாகிய ஜூன் 23 அன்று, அவர்தம் உருவம் பொறித்த 50 பவுன் தாள் வெளியிடப்பட்டது.

எழுத்து விடுபட்ட தாளையும் பிழைபட்ட தாளையும் டூரிங் பயனற்றவை என எறிந்துவிடவில்லை. ஒவ்வொன்றையும் பொறுமையுடன் எடையிட்டு, அதனுள் அடங்கிய உண்மையைக் கண்டார். அவர் காலத்துச் சமுதாயமோ அவரை அங்ஙனம் எடையிட்டு நோக்கவில்லை. ஒன்றைக் குற்றமெனக் கொண்டு பிறவற்றை எல்லாம் மறந்தது. சான்றுகள் குறையுடையனவாயினும் அவற்றைச் சீர்தூக்கி ஆராய்வார்க்கு உண்மை வெளிப்படும் என்பது அவர் ஆய்வு காட்டும் நெறி. ஒருவரை மதிப்பிடுமிடத்தும் அந்நெறி வேண்டும் என்பதை அவர்தம் வாழ்க்கை உணர்த்துகின்றது.